புற்றுநோய்ச் செல்லுக்குள் கொழுப்புத் துளி

கொழுப்புத் துளி என்பது செல் தனக்குத் தேவையான கொழுப்பைச் சேர்த்து வைக்கும் நுண்ணுறுப்பு. நடுவில் ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ரால் எஸ்டரும் எண்ணெயாகத் திரண்டிருக்கும். அதைச் சுற்றிப் பாஸ்போலிப்பிடால் ஆன ஒற்றை அடுக்கு மட்டுமே இருக்கும். சவ்வு போர்த்திய மற்ற நுண்ணுறுப்புகளுக்கெல்லாம் அந்தச் சவ்வு ஈரடுக்கு. துளி எண்டோபிளாஸ்மிக் வலையில் முளைவிட்டுப் பருத்து செல்நீரில் இறங்குகிறது. அதன் மேற்பரப்பில் காவலிருக்கும் பெரிலிப்பின் வகைப் புரதங்கள், உள்ளிருக்கும் கொழுப்பு எப்போது, எவ்வளவு கரைய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. நெடுங்காலம் இதை ஓர் உறுப்பாகவே யாரும் மதிக்கவில்லை. பெரிலிப்பின் 1991-இல் இனங்காணப்பட்ட பிறகுதான் இந்தத் துளிக்கும் ஒரு நிர்வாகம் உண்டு என்பது தெளிவாகத் தொடங்கியது.

இங்கே பேசப்படுவது இடுப்பிலும் வயிற்றிலும் சேரும் சதைக்கொழுப்பைப் பற்றியல்ல. உடற்பருமன் சில புற்றுநோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் ஒல்லியான நோயாளியின் கட்டியிலும் செல்கள் கொழுப்புத் துளிகளால் நிரம்பியிருக்கலாம். உணவில் வரும் கொழுப்பையே நம்பியிராமல், கட்டிச் செல்கள் குளுக்கோஸிலிருந்து தாமே கொழுப்பு அமிலம் தயாரிக்கும். மெடஸ், தாமஸ், வைன்ஹவுஸ் ஆகிய மூவர் இதை 1953-இலேயே காட்டினர். நோயாளி எண்ணெயைத் தொடாமல் இருந்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும் என்ற எண்ணத்துக்கு, ஆகவே, ஆதாரமில்லை.

துளியின் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரியும் இடம் சிறுநீரகத்தின் தெளிசெல் புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வகைதான். வெட்டியெடுத்த கட்டியைப் பிளந்தால், இரத்தக் கசிவுத் திட்டுகளுக்கு நடுவே பொன்மஞ்சள் நிறம் தெரியும். அது கொழுப்பின் நிறம். அதே திசு நுண்ணோக்கிக்குப் போகும்முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறிப் பாரஃபின் மெழுகில் பதிகிறது. அந்தக் குளியலில் கொழுப்பு முழுவதும் கரைந்து போய்விடும். கண்ணாடித் தகட்டில் மிஞ்சுவது மெல்லிய சுவரும், உட்கருவும், சுற்றிலும் வெறுமையான வெள்ளையும்தான். ‘தெளிசெல்’ என்ற பெயரே, இருந்து காணாமல் போன பொருளால் வந்தது. (கிளைக்கோஜனும் அதில் ஒரு பங்கு.) கொழுப்பை உள்ளபடி பார்க்க, திசுவை உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்ற வேண்டும், அப்போது வெள்ளை இருந்த இடமெல்லாம் சிவப்பு மணிகளாகத் தெரியும்.

இந்த மஞ்சள் நிறம் மருத்துவர்களை ஒரு தலைமுறைக்கும் மேலாகக் குழப்பியது. இவை வெறும் கொழுப்புக் கட்டிகள் என்று கருதப்பட்டு வந்த நிலையில், ஜெர்மானிய நோயியலாளர் பவுல் கிராவிட்ஸ் 1883-இல் அதை மறுத்தார். கொழுப்பு மிகுந்த அந்தச் செல்கள் அட்ரினல் சுரப்பியின் செல்களைப் போலிருந்ததால், சிறுநீரகத்துக்குள் தங்கிவிட்ட அட்ரினல் துணுக்குகளே கட்டியானதாக அவர் கருதினார். அதுவும் தவறே. ஆனால் அந்தக் கருத்தையொட்டி வந்த ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்ற பெயர் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது.

கொழுப்பு அங்கே ஏன் குவிகிறது என்பதற்கான விடை 1993-இல் கண்டறியப்பட்ட விஎச்எல் மரபணுவில் தொடங்குகிறது. ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்கச் செல்லைத் தயார்செய்பவை எச்ஐஎஃப் புரதங்கள்; ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அவற்றை அழிக்கச் செய்வது இந்த மரபணுவின் வேலை. தெளிசெல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு செயலிழந்திருக்கும்; ஆகவே மூச்சுத் திணறலே இல்லாதபோதும் செல் திணறுவதுபோல நடந்துகொள்கிறது. எச்ஐஎஃப் பெருகினால், கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றும் சிபிடி1ஏ நொதி குறைகிறது. எரிய வழியில்லாத கொழுப்பு துளிக்குத் திரும்புகிறது. கூடவே எச்ஐஎஃப்-2ஆல்ஃபா, பெரிலிப்பின்-2 புரதத்தைக் கூட்டித் துளிகளை நிலைநிறுத்துகிறது. ஆய்வகத்தில் இந்தப் பெரிலிப்பினை ஒடுக்கியபோது துளிகள் குறைந்தன, எண்டோபிளாஸ்மிக் வலை நெருக்கடிக்கு உள்ளானது, செல்கள் மடிந்தன. 2015-இல் வெளியான இந்த முடிவுதான் என் பார்வையில் இத்துறையின் திருப்பம். துளியைப் பஞ்சகாலத்துக்கான நெற்குதிராக மட்டும் பார்த்தது போதாது என்று அது காட்டியது.

ஏனெனில் கொழுப்பு அமிலம் உணவாக இருக்கும் அளவுக்கே நஞ்சாகவும் ஆகக்கூடியது. தனித்து அலையும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் மிஞ்சினால் சவ்வுகள் விறைத்துச் செல் சாகும். நிறைவுற்றதை நிறைவுறாததாக மாற்றும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும்; இரத்தக் குழாய் எட்டாத கட்டியின் உட்பகுதியில் அது கிடைப்பதில்லை. அங்கே துளிகள், முன்பே சேர்த்த ஓலிக் அமிலத்தை வெளிவிட்டு அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. பன்மடி நிறைவுறாத கொழுப்பு அமிலங்களைத் துளிக்குள் அடைத்து வைப்பது, இரும்பின் துணையோடு சவ்வு ஆக்சிஜனேற்றமாகிச் செல் மடியும் ஃபெரொப்டோசிஸிலிருந்தும் காக்கக்கூடும். ஒரு கிராம் கொழுப்பு தரும் 9 கிலோகலோரி, மாவுச்சத்து தருவதைப் போல இரு மடங்குக்கும் மேல் என்பதால், பரவிச் செல்லும் செல்லுக்கு அது நல்ல கட்டுச்சோறும்கூட.

பிற புற்றுநோய்களில் கதை வெவ்வேறு. சினைப்பைப் புற்றுநோய், குடலை மூடித் தொங்கும் கொழுப்புப் படலமான ஓமெண்டத்தை நாடிப் பரவுகிறது. அங்குள்ள கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பைப் புற்றுச் செல்களுக்கு வழங்குவதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் விளக்கினர். முற்றிய புராஸ்டேட் புற்றுநோயிலும் மூளையின் கிளையோபிளாஸ்டோமாவிலும் கொலஸ்ட்ரால் எஸ்டர் துளிகள் மிகுதி.

துளியையே நேராகக் குறிவைக்கும் மருந்து எதுவும் வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரவில்லை. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சூட்டிஃபான், துளிக்கு மேல்நிலையில் உள்ள எச்ஐஎஃப்-2ஆல்ஃபாவைத் தடுக்கிறது. ட்ரைகிளிசரைடு உருவாக்கத்தின் கடைசிப் படியை நடத்தும் டிஜிஏடி1 நொதியைத் தடுத்தபோது, எலிகளில் வளர்த்த கிளையோபிளாஸ்டோமா ஒடுங்கியது. ஆனால் நாம் உண்ணும் கொழுப்பைக் குடல்சுவர் உள்வாங்குவதும் அதே நொதியின் துணையால்தான். உடற்பருமனுக்கும் நீரிழிவுக்குமாக இவ்வகை மருந்துகளை மனிதரில் சோதித்தபோது, வயிற்றுப்போக்கே மருந்தின் அளவைக் கூட்டவிடாத தடையாக நின்றது.