கற்பூரம் ஏற்றும் துச்சாதனன்: மரக்காணக் கரையின் கூத்தும் மெய்யியலும்

1. களம்

மரக்காணத்தில் உப்பு விளையும் பருவமும் கூத்துப் பருவமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. மழைநீர் வடிந்து, பாத்தி மிதித்துச் சமன்செய்தபின் கோடை முழுக்க உப்பு வாருகிறார்கள். அதே கோடையில், பங்குனி தொடங்கி ஆடி வரை, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய இடம் என்பது ஆய்வாளர் கருத்து. பாணரை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பும் அந்நூலில் உப்பு விற்கும் உமணரும் வருகிறார்கள். கலைஞரும் உப்பு வணிகரும் ஒரே பாட்டில் நடமாடிய நிலம் இது.

2. திரை

கூத்தில் மெய்யியல் வசனத்தில் மட்டும் இல்லை, வேஷம் களரிக்குள் (ஆடுகளத்துக்குள்) நுழையும் முறையிலேயே இருக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். துரியோதனன் வருகிறான் என்று துரியோதன வேஷக்காரரே படர்க்கையில் பாடுவார். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ‘நீர் யார்?’ என்று கேட்பான். பிறகுதான் ‘நான்’ என்ற சொல் வரும்.

மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைக் கண்ட ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், நடிகன் பாத்திரத்துக்குள் கரைந்துவிடாமல் அதைக் காட்டி நிற்கும் முறையைப் பற்றி 1936இல் எழுதினார். அதைப் புதுமை என்று படித்துவிட்டு வருபவர் நம்மூர்க் களரியில் கொஞ்சம் சங்கடப்படுவார்.

3. கற்பூரம்

ஆனால் நடிகன் பாத்திரத்துக்கு வெளியே நிற்கிறான் என்ற இந்த விளக்கம், திரௌபதி துகிலுரிதல் ஆடும் இரவில் உடைகிறது. சேலையில் கை வைக்குமுன் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார். ‘நான் அவனில்லை, வேஷம்தான்’ என்பது திரைப்பாட்டின் வாதம். அது முழு உண்மையானால் மன்னிப்புக்கு அவசியமே இல்லை.

பிளேட்டோ அஞ்சியது இதைத்தான். கீழானவனைப் போலச் செய்தால் அந்தக் குணம் ஒட்டிக்கொள்ளும் என்று ‘குடியரசு’ மூன்றாம் பகுதியில் வாதிட்டார். பத்தாம் பகுதியில் கவிஞரையே நகரைவிட்டு அனுப்பிவிட்டார். காஷ்மீர மெய்யியலாளர் அபிநவகுப்தரோ, ரசம் தனியொருவர்க்கு உரிய உணர்ச்சியன்று, அரங்கில் அது பொதுமையாகிவிடுகிறது என்று ஆறுதல் சொல்கிறார். கூத்தர் இருவரையும் முழுதாக ஏற்பதில்லை. பிளேட்டோவைப் போல வேஷத்தை விலக்கவில்லை, அபிநவகுப்தரைப் போல அதைக் குற்றமற்றதாக்கவும் இல்லை. ஆடுகிறார்கள்; ஆடியதற்குப் பொறுப்பும் ஏற்கிறார்கள். என் மதிப்பீட்டில் அந்தக் கற்பூரம், நடிப்பைப் பற்றித் தமிழில் செய்யப்பட்ட மிகக் கூர்மையான வாதங்களுள் ஒன்று. எழுத்தில் இல்லாததால் நம் மெய்யியல் பாடநூல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

4. சபை

அதே துகிலுரிதல் இரவில், சூதில் தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி கேட்கிறாள். பாரதத்தில் பீஷ்மர், தருமம் நுண்ணியது என்று சொல்லி நழுவுகிறார். கூத்தில் இந்தக் கேள்வி கௌரவர் சபையோடு நிற்பதில்லை. விடியுமுன் உப்பளத்தில் இறங்க வேண்டியவரும், மடியில் பிள்ளை தூங்கும் பெண்களும் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சபையின் வாயடைப்பில் அவர்களும் பங்காளிகள் ஆகிறார்கள்.

மரக்காணம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதி கிராமத்தில், பட்டியல் சாதியினர் உள்ளே வருவது பற்றிய தகராறில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். யாருக்கு என்ன உரிமை என்று சபையில் கேட்டவளின் வாசலிலேயே அந்தக் கேள்வி வந்து நின்றது.

விழாவின் முடிவில், ‘பதினெட்டாம் போர்’ கூத்து ஆடி முடிந்த காலையில் துரியோதனன் மண்ணால் செய்த பேருருவாகப் படுகளத்தில் கிடக்கிறான். பீமன் தொடையைப் பிளக்கிறான், திரௌபதி கூந்தலை முடிகிறாள். பிறகு தீமிதி. கூட்டம் கலையும்போது, அந்தப் பகைவன் உடம்பிலிருந்தே ஒரு பிடி மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.