ஷோ ஹேண்ட்

ஐந்து சீட்டு ஸ்டட் போக்கரின் ஆசிய வடிவம். மலேசியா, சிங்கப்பூர்ச் சீனரிடையே அறிமுகமானது. ஆறும் அதற்குக் கீழானவையும் விலக்கப்பட, 32 சீட்டுகள் மிஞ்சும். முதல் சீட்டு கவிழ்த்தும் மற்ற நான்கும் திறந்தும் போடப்படும். எதிரில் 10, ஜாக், ராணி, ராஜா வரிசையாகக் கிடந்தால், அந்தக் கவிழ்ந்த ஒன்றுதான் ஆளை வியர்க்க வைக்கும்.

முழுக் கட்டில் பழகியவர் தடுக்கி விழும் இடம் வேறு. இங்கே பிளஷ், ஃபுல் ஹவுஸை வெல்லும். பிளஷுக்கு, அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சேர, 224 வழிகளே உண்டு. ஃபுல் ஹவுஸுக்கோ 1,344.

மலேசியாவில் இதை எங்கும் பணம் வைத்து ஆடிவிட முடியாது. அனுமதி பெற்ற சூதாட்ட விடுதி பகாங் மாநிலத்துக் கெந்திங் மலையில் உள்ளது. பொதுச் சூதாட்ட விடுதிகளை 1953-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காசில்லாமல், தீக்குச்சி வைத்தே கற்கலாம்.