வள்ளியிடம் வந்த காதலன்

தமிழ் இலக்கியத்திலே காதலனுக்குப் பெயரில்லை. வெற்பன், துறைவன், ஊரன் என்று அவன் வாழும் நிலத்தால் அவனைச் சுட்டுவார்களேயன்றி, இன்னாரின் மகன் இன்னான் என்று அகப்பாட்டு ஒருகாலும் கூறாது. அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரையும் கூறலாகாது என்பது தொல்காப்பியர் காட்டிய வரம்பு. வீரனுக்கு நடுகல்லிலே பெயர் பொறித்த எம் முன்னோர், காதலனை மாத்திரம் பெயரற்றவனாக விட்டனர். காதல் ஒருவர்க்கே உரியதன்று, எல்லார்க்கும் பொதுவானது என்று அவர்கள் கருதினர் போலும்.

எனினும், பெயர் சொல்லித் தமிழர் போற்றிய காதலன் ஒருவன் உளன். ஆடி மாதந்தோறும் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு நாம் தேரேற்றி அழைத்துச் செல்பவன் அவனே. முகத்துவாரத்திலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தேர் காணத் திரளும் எம்மவர்க்கு அவன் கை வேல் தெரிகிறது. தினைப்புனத்தைச் சுற்றிச் சுற்றி வந்த அவன் கால்கள் நினைவுக்கு வருவதில்லை.

முருகனோடு சென்ற வள்ளியை நற்றிணையே உவமையாக எடுத்தாண்டுள்ளது. பரிபாடலின் ஒன்பதாம் பாடலில் குன்றம்பூதனார் ஒரு படி மேலே செல்கிறார். தெய்வயானையை மணந்தது கற்புநெறி. வள்ளியைக் கூடியது களவுநெறி. இவ்விரண்டினுள் களவின் சிறப்பைத் தமிழின் பொருளிலக்கணம் ஆராயாதார் அறியார் என்று, மறைவல்ல அந்தணரை விளித்தே புலவர் வாதிடுகிறார்! ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்த எண்ணிய கபிலரும் எழுத்தையும் சொல்லையும் எடுத்து விளக்கவில்லை. தினைப்புனங் காத்த பெண்ணொருத்தியின் காதலை 261 அடிகளிற் பாடி, குறிஞ்சிப்பாட்டாகக் கொடுத்தார்.

கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் சூரனை அழித்த இடத்தில் முடிந்துவிடவில்லை. வள்ளியம்மை திருமணப் படலமே அதன் இறுதிப் படலம். அண்டங்களை வென்ற சேனாபதி அங்கே வேடனாக வருகிறான். வழி கேட்பவன்போல் நின்று கெஞ்சுகிறான். பெண்ணின் தந்தை நம்பிராசன் வரும் அரவங் கேட்டதும் வேங்கை மரமாகிறான். பின்னர்த் தளர்ந்த கிழவனாகி, தேனும் தினைமாவும் இரந்துண்டு, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்கிறான். அத்தனையும் பலியாமற்போகவே தமையனை வேண்ட, விநாயகர் யானையாக வந்து அவளை வெருட்டுகிறார். சூரனிடம் தோலாதவன் குறமகளிடம் தோற்றான். எம் புலவர் கண்ட காதலன் கவர்ந்து செல்பவனல்லன், இரந்து நிற்பவன்.

யாழ்ப்பாணத்துக் கோவில்களிலே இப்புராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். ஊரார் நாட்கணக்காக இருந்து கேட்பார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எமது வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றதும் அதனாலேயே. ஆனால், வேட்டுவ வீட்டிற் பெண்ணெடுத்த பெருமானை எண்ணிக் கண்ணீர் மல்கியவர், மறுநாள் தம் வீட்டுத் திருமணப் பேச்சிலே முதலிற் கேட்பது குலத்தை! இதனாலே மனம் புழுங்கும் இளைஞர் எம்மிடையே உண்டு. சித்தாந்தங் கற்ற பெரியோர் வள்ளியைப் பக்குவமடைந்த ஆன்மாவென்றும் வேடரை ஐம்புலன்களென்றும் விளக்குவர். அது பொருந்திய விளக்கமே. ஆயினும் அந்த விளக்கத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, கதை நேரே கேட்கும் கேள்விக்கு மறைந்து நிற்பது நேர்மையாகாது.

படிப்பறியாத மக்களுக்கு இக்கதையைக் கொண்டு சென்றது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்திலே வள்ளியும் வேலனும் விடிய விடியத் தர்க்கம் புரிவார்கள். சபையோர் பெரும்பாலும் வள்ளியின் பக்கமே. இந்நாடகத்திற் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒரு மேடையிலே சேர்ந்தது 1926இல், இந்தக் கொழும்பு மாநகரில். அவர் செங்கோட்டை அந்தணர், ஏற்கெனவே மணமானவர். இவர் கொடுமுடிப் பெண். அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்தனர். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு முப்பது வயதும் ஆகவில்லை. வெள்ளையுடுத்தியவர், பின்னர் எந்த ஆடவருக்கும் இணையாக நடிக்கவில்லை.

வள்ளியைத் தங்கள் பெண்ணென உரிமை கொண்டாடும் வேடர் இலங்கையில் உண்டு. கதிர்காமத்தில் வாய்கட்டிப் பூசை செய்யும் கப்புறாளைமார் அவ்வேடர் வழியினர் என்பது மரபு. சிங்கள மக்களும் அவளைத் தாயென்றே வணங்குகின்றனர். காதலனை அவளிடமிருந்து பிரித்து வீட்டுக்கு அழைத்துச் செல்ல வந்த ஒருவரின் கதையும் அங்கே வழங்குகிறது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், கதிர்காமத் தெய்வத்தைப் பற்றி எழுதி 1924இல் வெளிவந்த கட்டுரையில் அதனை எடுத்துரைத்துள்ளார். வடநாட்டிலிருந்து வந்த கல்யாணகிரி சுவாமிகள் முருகனைப் பாரதத்துக்கு மீட்கவேண்டிப் பன்னீராண்டு தவமிருந்தார். வேடச் சிறுவனும் சிறுமியும் பணிவிடை செய்தனர். ஒருநாள் அயர்ந்து உறங்கியவரைச் சிறுவன் எழுப்பிவிட்டான். சினந்த முனிவர் துரத்த, ஆற்றிடைக் குறையொன்றிலே சிறுவன் முருகனாகவும் சிறுமி வள்ளியாகவும் நின்றனர். என் கணவனைக் கொண்டுபோகாதீர் என்று வள்ளி தாலிப்பிச்சை கேட்டாள். முனிவர் வந்த காரியத்தைக் கைவிட்டு, அங்கேயே தங்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதிக்கு அஞ்சி ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரைக்குத் தடைகள் விதித்தது. கொழும்பு ஆடி வேல் எழுந்தது அக்காலத்திலே என்பர். தடைகள் நீங்கியபின் யாத்திரிகர் மீண்டும் மாணிக்க கங்கைக்கரையிற் கூடினர். ஆடித் திருவிழாவிலே இரவுதோறும் யந்திரப் பேழை யானைமீது ஏறிப் புறப்படும். தெய்வானையம்மன் கோவில் மகாதேவாலயத்தை ஒட்டியே இருக்கிறது; பேழை அங்கே செல்வதில்லை. வீதியின் மறுகோடியிலுள்ள வள்ளியம்மன் கோவிலுக்குச் சென்று, சிறிது நேரம் உள்ளே தங்கி, அரோகரா முழக்கத்தினிடையே திரும்புகிறது.