முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தீரலையா? அடுத்து என்ன செய்யலாம்?

டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு மாசக்கணக்கில் ஆகியும் இடுப்பு வலி விடலை, கால்ல கரண்ட் பாயுற மாதிரி இழுக்குது... இப்படிச் சொல்பவர்கள் நிறைய பேர். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை செய்தவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு வலி தொடர்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. மருத்துவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் 'ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்'. கேட்டாலே டாக்டர் தப்பு பண்ணிட்டார்னு தோணும். ஆனால், ஆபரேஷன் சரியாக நடந்தவர்களுக்கும் இது வரலாம்.

ஏன் வலி தொடர்கிறது?

டிஸ்க் மீண்டும் பிதுங்கலாம். நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு வளரலாம். பிளேட், ஸ்க்ரூ போட்ட இடத்துக்குப் பக்கத்து எலும்பு மூட்டு தேயலாம். நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய பிறகும் வலியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். இன்னொரு விஷயம், டிஸ்க் ஆபரேஷன் கால் வலிக்குக் கைகொடுக்கிற அளவுக்கு இடுப்பு வலிக்குக் கைகொடுக்காது. இதை முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

தழும்பா, புதிதாகப் பிதுங்கிய டிஸ்க்கா என்று பிரித்தறிய, மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் உதவும்.

மறுபடியும் ஆபரேஷனா?

ஸ்கேனில் தெளிவான காரணம் தெரிந்தால் மட்டுமே. ஒவ்வொரு முறையும் பலன் குறைந்துகொண்டே போகும் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

பிசியோதெரபிதான் அடிப்படை. நரம்பு வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். தலைசுற்றல், தூக்கம் வரலாம். நீங்களாக திடீரென நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாசக்கணக்கில் போட்டால் கிட்னிக்கு ஆபத்து. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிக நிம்மதி தரும்.

இதற்கெல்லாம் அடங்காத கால் வலிக்கு 'ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர்' என்ற கருவி இருக்கிறது. முதுகுத்தண்டின் அருகே மெல்லிய வயரைப் பொருத்தி லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். 2007-ல் வெளியான ஆய்வில் கருவி பொருத்தியவர்களில் 48 சதவீதம் பேருக்கு 6 மாதத்தில் கால் வலி பாதிக்கு மேல் குறைந்தது. மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம்தான். ஆனால், 2022-ல் நார்வேயில் 50 பேரிடம் நடந்த ஆய்வில் கருவி இயங்கியபோதும் இயங்காதபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. செலவும் லட்சங்களில் என்பதால், நல்லா யோசிச்சு முடிவெடுங்க.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது, காய்ச்சலோடு முதுகு வலி கூடுவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீங்க.