கட்டுமரமும் கேட்டமரானும்

எடை குறைந்த மரத்தடிகளை அருகருகே வைத்து, குறுக்குக் கட்டையும் கயிறும் கொண்டு பிணைத்த மிதவையே கட்டுமரம். ஆங்கிலத்தில் வழங்கும் கேட்டமரான் என்ற சொல் இதிலிருந்து பிறந்தது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை இப்பெயராலேயே விவரித்தார்.

குமரி மாவட்டத்தில் கடியபட்டணம், ராஜாக்கமங்கலம் துறை, மணக்குடி போன்ற ஊர்களின் மீன்பிடிப்பைத் தலைமுறைகளாகத் தாங்கியது கட்டுமரம். இங்கே திறந்த மணற்கரையில்தான் கடலில் இறங்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் அலைகள் கரையருகே உயர்ந்து உடையும். குழிவான படகில் அந்த நீர் புகுந்து நிறைந்தால் ஆபத்து. கட்டுமரத்தில் நீர் தங்க இடமே இல்லை. மேலே ஏறிய அலை தடிகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை உலர்த்துவார்கள். ஈரம் ஊறிய மரம் கனத்துப் போகும் என்பதே காரணம். எளிய தோற்றத்துக்குள் இவ்வளவு கடலறிவு அடங்கியிருப்பதை வெளியார் பலர் கவனித்ததில்லை.

ஆங்கிலச் சொல் வேறு திசையில் போனது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்க பிரிட்டிஷார் அனுப்பிய மிதக்கும் வெடிகளுக்கும் இதே பெயர். அமெரிக்காவின் நதானியேல் ஹெரெஷாஃப் 1876இல் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டினார். இன்று ஆங்கிலத்தில் நிலைத்திருப்பது அந்த வகைப் பொருள்தான். அமைப்பில் இத்தகைய படகுக்கு நெருக்கமானவை பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகள். கட்டுமரத்தின் பெயர் மட்டுமே இரட்டை உடல் படகுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளீடற்ற இரு உடல்களை விலக்கி நிறுத்துவது ஒன்று. திண்ணிய தடிகளை நெருக்கிக் கட்டுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே மரபாக எழுதுவது பிழை.

குமரிக் கரையிலும் மாற்றம் வந்தது. 1980களில் அங்குள்ள முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டன. அவுட்போர்டு இன்ஜினும் பரவியது. பாயும் துடுப்பும் பின்வாங்கின. 2004 டிசம்பர் 26 சுனாமி மணக்குடி, கொட்டில்பாடு, கொளச்சல் ஆகிய ஊர்களில் உயிர்களோடு கட்டுமரங்களையும் வாரிச் சென்றது. நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகள் மிகுதி. மரத்தடிக் கட்டுமரங்கள் மேலும் அருகின. ஃபைபரில் வார்த்து, உள்ளே நுரைப்பொருள் அடைத்த கட்டுமரங்களும் இப்போது கடலில் ஓடுகின்றன. அவற்றையும் மீனவர்கள் மரம் என்றே அழைக்கிறார்கள்.