எழுதிய விடுதலை, எழுதாத நிலம்



இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவுக்காக நாம் தரமணியில் கூடியிருக்கிறோம். இன்று இது சென்னை மாநகரம். வெள்ளையர் காலத்தில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. கலெக்டர் கச்சேரி பக்கத்துச் சைதாப்பேட்டையில் இருந்தது. சீனிவாசன் பிறந்த கோழியாளமும் இதே செங்கல்பட்டுச் சீமைதான். ஆகவே அடிமைமுறையைப் பற்றிப் பேச நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அடிமை என்ற சொல்லோடு நமக்குக் காட்டப்பட்டது ஆப்பிரிக்கரை ஏற்றிய கப்பல். நம் ஊர்க் களத்துமேட்டை யாரும் காட்டவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மனிதர்கள் விற்கப்பட்ட பதிவுகளும், பசியில் தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்ட பதிவுகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோரைத் தஞ்சையில் பண்ணையாள் என்றார்கள், இந்தத் தொண்டைமண்டலத்தில் படியாள் என்றார்கள். கூலியை நெல்லாகப் படியில் அளந்து போட்டார்கள். கல்யாணக் கடனுக்காக அப்பன் படியாளானால், மகனும் அதே மிராசுதாரிடம் படியாள்.

1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் பேரரசில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு அதிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது, அது உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

பத்தாண்டு கழித்து, 1843இல், நமக்கென்று ஐந்தாம் சட்டம் வந்தது. மாணவர்கள் அதை மூலத்தில் படிக்க வேண்டும். நான்கே சிறு பிரிவுகள். வரிபாக்கிக்காக அதிகாரிகள் மனிதரை விற்கக்கூடாது. 'இவன் என் அடிமை' என்று உரிமை கோரி வந்தால் நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது. மற்றவருக்கு இழைத்தால் குற்றமாவது, அடிமைக்கு இழைத்தாலும் குற்றம். அவ்வளவே. அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான்.

அதன்பிறகும் படியாள் ஏன் மிராசுதாரை விட்டுப் போகவில்லை? போக இடமில்லை. குடிசை நின்ற சேரி மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து போட்டால், அங்கும் மிராசுதாருக்கே முன்னுரிமை. கோர்ட்டுக்குப் போய் 'இவன் என் அடிமை' என்று சொல்ல வேண்டிய அவசியமே ஆண்டைக்கு இல்லை. மனை அவன் கையில் இருந்தது, அது போதும்.

இதை அரசுக்கு எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர். 1891இல் அவர் அளித்த அறிக்கை, சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனையும் உழ நிலமும் வேண்டும் என்றது. அதையடுத்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. அதுவே பஞ்சமி நிலத்தின் ஆவணம். பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ தானம் செய்யவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்குக் கைமாற்றக் கூடாது. அடுத்த ஆண்டு, 1893இல், சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு காகிதம் உண்டு. எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அறிவித்த நாடு, தன் அரசியல் சட்டத்தில் அடிமை வியாபாரத்துக்கு 1808 வரை தடைவராமல் காத்தது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் தர ராணுவத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய உடைமையாளர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அங்கே சில மாதங்களில் பறித்தார்கள். இங்கே கடனுக்கு ஈடாகவும் கைநாட்டு வாங்கியும் தலைமுறைகளாகப் பறித்தார்கள். காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஆணை பிறந்து 102 ஆண்டுகள் ஆகியும், அதை நிறைவேற்றச் சொன்னதற்குக் குண்டு.

நிலத்தின் இந்த முக்கியத்துவம் அண்ணல் அம்பேத்கருக்குத் தெரியும். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் கூட்டுப்பண்ணையாகத் தரப்பட வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டார். எழுதவில்லை. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

23ஆம் பிரிவுக்குத் துணையாகக் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1976 ஆனது. இடையில்தான் வெண்மணி: 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 உயிர்கள் தீயில். 1976 சட்டம் கடனை ரத்து செய்தது. விடுவிக்கப்பட்டவரைக் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சொன்னது. திரமென்ஹீர் கண்டதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 85 ஆண்டுகள். ஆனாலும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். அன்று ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாம் பார்த்தோம். அவரைக் கட்டிப்போட்டிருந்தது ஆயிரம் ரூபாய்க் கடன். சொந்த மனையும் கையளவு நிலமும் இருந்திருந்தால், அந்த ஆயிரத்துக்கு அவர் போயிருப்பாரா?

இளந்தோழர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்: இத்தனை சட்டங்களும் வெறும் காகிதம் என்றால் எதற்கு அரசியல் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்? நாம் சொல்வது இது. காகிதத்தை நாம் விட்டுவிட்டால் அடுத்தவன் அதைக் கிழித்துவிடுவான். 1892இல் ஒரு காகிதம் எழுதப்பட்டதால்தான் 'இது எங்கள் நிலம்' என்று காரணையில் நிற்க முடிந்தது. அந்த நிலங்கள் பலவும் இன்று பிறர் கையில். ஆனால் நிபந்தனை சாகவில்லை. தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதி எடுங்கள். இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஊருக்கு ஒரு மாணவர் இதைச் செய்தால், சீனிவாசனுக்கு நாம் எடுக்கும் நினைவு விழாவுக்குப் பொருள் இருக்கும்.

ஜெய்பீம்.