தேவாங்கு

தென்னிந்தியாவின் வறண்ட குறுங்காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இலங்கையிலும் வாழும் சிறிய இராப்பிராணி. குரங்குகளும் மனிதனும் அடங்கிய பிரைமேட் வரிசையைச் சேர்ந்தது. வாலில்லாதது; குச்சி போன்ற நீண்ட கைகால்களும், முகத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்ட இரு வட்டக் கண்களும் உடையது; நன்கு வளர்ந்ததன் எடை கால் கிலோவைச் சுற்றியே நிற்கும். மரத்தைவிட்டு இறங்க மனமில்லாத இதன் மந்தகதி ஆஸ்திரேலியாவின் கோலாவை நினைவூட்டுமாயினும், இரண்டுக்கும் உறவில்லை. கோலா, குட்டியை வயிற்றுப்பையில் வளர்க்கும் வேறொரு குலத்தது. யூகலிப்டஸ் இலையே அதற்கு ஆகாரம்.

சாஸ்திர நாமம்: லின்னேயஸ் 1758-இல் இட்ட பெயர் இலங்கைத் தேவாங்கைக் குறித்ததா, தென்கிழக்காசிய நாடுகளின் தடித்த உடலுடைய மற்றோர் இனத்தைக் குறித்ததா என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது, இலங்கையினத்தையே குறித்தது என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. தமிழகத்துச் சாம்பல்நிறத் தேவாங்கை, லைடெக்கர் என்னும் ஆங்கில விலங்கியலாரின் பெயரால், ஸ்பெயின் நாட்டு ஆங்கெல் காப்ரேரா 1908-இல் தனியாக வருணித்தார். அவ்வருணனைக்கு ஆதாரமான மாதிரி கிடைத்த இடம் ‘மதராஸ்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் அச்சொல் பட்டினத்தையும் குறிக்கும், மாகாணம் முழுவதையும் குறிக்கும்; மாகாணமென்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சென்னைச் சந்தை: இப்பிராணியைப் பற்றிய பழைய குறிப்புகளில் மிகத் தெளிவானது காட்டிலிருந்து வரவில்லை, கடைத்தெருவிலிருந்தே வந்தது. சென்னை இராணுவ வைத்தியப் பகுதியில் பணிபுரிந்த டாக்டர் ஜெர்டன், இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி 1867-இல் வெளியிட்ட நூலில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தேவாங்கு ஓரளவு மலிவாக உண்டென்றும், சிற்சில சமயம் கூட்டங்கூட்டமாகச் சென்னைச் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டதென்றும், அதன் கண்களைத் தமிழ் வைத்தியர்கள் நேத்திர ரோகங்களுக்குச் சிறந்த மருந்தாக மதித்தனரென்றும் எழுதிவைத்தார். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடத் தொடங்கி அப்போது பதினொரு வருஷங்களே ஆகியிருந்தன; அவை அவ்வண்டியில் வந்தனவா, கட்டைவண்டியில் வந்தனவா என்பதை ஜெர்டன் சொல்லவில்லை. பட்சிகளும் பிராணிகளும் விற்ற மூர் மார்க்கெட் 1900-இல்தான் திறக்கப்பட்டதாதலின், அவர் கூறும் சந்தை அதுவாக இருக்க முடியாது. இருளில் கூர்மையாகக் காணும் கண், மங்கிய கண்ணுக்கு ஒளி தரும் என்று எண்ணினர் போலும். அந்த மருந்தால் எவரேனும் பார்வை பெற்றதாக ஜெர்டன் எழுதவில்லை.

இலங்கையில் இதனினும் கொடியதோர் வழக்கத்தை, அத்தீவின் இயற்கை வரலாற்றை எழுதிய டென்னன்ட் 1861-இல் பதிவு செய்தார்: வசிய மருந்துக்காகக் கண்களை எடுக்கும்பொருட்டு, உயிருள்ள பிராணியை நெருப்பருகே பிடிப்பார்களாம். தேவாங்கு இரவில் மயிலைப் பிடித்து அதன் மூளையைத் தின்னும் என்று ஊரார் சொன்னதையும் அவர் குறித்திருக்கிறார். மயிலின் பருமனையும் இதன் பருமனையும் அறிந்தவர் இதனை எளிதில் ஏற்கமாட்டார்.



பழக்கவழக்கங்கள்: பகலில் உடலைப் பந்தாகச் சுருட்டி, தலையைக் கால்களுக்கிடையே புதைத்து, கிளையைப் பற்றியபடியே உறங்கும், பல ஒன்றாக ஒட்டிக்கொண்டு உறங்குவதும் உண்டு. இரவில் எறும்பு, கறையான், வண்டு, சிறு பல்லி ஆகியவற்றைத் தேடும். ஓசையின்றி அணுகி, பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு இரு கைகளையும் சட்டென நீட்டி இரையைக் கவரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் இதன் மந்தம் மறைந்துபோகிறது. தன் மூத்திரத்தைக் கைகால்களில் தேய்த்துக்கொள்ளும் விசித்திரப் பழக்கம், பிடிமானத்துக்கென்பர் சிலர். கொட்டும் பூச்சிகளின் விஷத்தைத் தணிக்கவென்பர் வேறு சிலர். கர்ப்பகாலம் ஏறக்குறைய ஐந்தரை மாதம். ஒன்றோ இரண்டோ குட்டிகள். சில வாரங்கள் சுமந்தபின், தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடச் சென்று விடியுமுன் திரும்பும்.

தனித்தே திரியும் பிராணி என்ற பழைய அபிப்பிராயம், 1990-களின் பிற்பகுதியில் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பகுதியில் அன்னா நெகாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் இரவிரவாகத் தொடர்ந்து கவனித்ததால் பெரிதும் திருத்தப்பட்டது.

பாதுகாப்பு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு, கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசால் அறிவிக்கப்பட்டது.